நாற்று சாய்ந்தால் எதை ஊற்றுவது? பெங்களூரு நாற்றங்காலுக்கு ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

ஜூன் மழை தொடங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான். ராமமூர்த்தி நகரில் மொட்டை மாடியில் இருபது தொட்டி வைத்திருப்பவர் கேட்கிறார். ஆனேக்கல் பக்கம் கால் ஏக்கரில் மேட்டுப்பாத்தி போட்டவர் கேட்கிறார். மாலூரில் குழித்தட்டு நாற்றுப் பண்ணை நடத்துபவரும் கேட்கிறார். "முளைச்சு நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பார்த்தா வட்டம் வட்டமா சாஞ்சு கெடக்கு. சாஃப் ஊத்தவா, ரிடோமில் ஊத்தவா, டிரைக்கோடெர்மா போடவா?" முதல் இரண்டும் கடையில் விற்கும் இரசாயனப் பூஞ்சாணக்கொல்லிகள்; மூன்றாவது நோய்க்கிருமியைத் தின்னும் நல்ல பூஞ்சாணம்.

எனக்கு இந்த நோயோடு பழக்கம் அத்திப்பள்ளியில் இருக்கும் சித்தப்பாவால் வந்தது. "ஏன்டா, நாத்தெல்லாம் தண்ணியடிச்சவன் மாதிரி படுத்துக் கெடக்கு?" என்று ஒருநாள் போனில் கேட்டார். இங்கே மருந்துக்கடையில் கன்னடத்தில் 'சசி சாயுவ ரோக' என்றால் புரிந்துகொள்வார்கள். கன்னடத்தில் 'சாயுவ' என்றால் சாகிற என்று பொருள். நம் காதில் அது 'சாய்கிற' என்றே விழும். இந்த நோய்க்கு இரண்டுமே பொருந்துகிறது. தமிழில் நாற்றழுகல்.

அன்று நான் சித்தப்பாவிடம் கார்பன்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை ஊற்றச் சொன்னேன். மூன்றே நாளில் மீதி நாற்றும் போயிற்று. மருந்து போலியில்லை, அளவும் சரிதான். ஆனால் விழவைத்தது பித்தியம் என்ற கிருமி. கார்பன்டசிம் பித்தியத்தை ஒன்றும் செய்யாது. எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன், எது நாற்றைத் தள்ளியது என்று பார்க்க வேண்டும் என்பதை ஆயிரத்துச் சொச்சம் தக்காளி நாற்றைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

## முதலில் ஒரு நாற்றைப் பிடுங்குங்கள்

நாற்றழுகல் என்பது ஒரே பெயரில் திரியும் பல ஆட்கள். பெரும்பாலும் பித்தியம், ரைசோக்டோனியா இரண்டில் ஒன்று. சில சமயம் பைட்டோப்தோரா, ஃபியூசேரியம். வெயில் காலத்தில் ஸ்கிளிரோஷியமும் வரும். அது வந்தால் தண்டடியில் வெள்ளை நூலும் கடுகு போன்ற மணிகளும் தெரியும், குழப்பமே இருக்காது.

பித்தியம் ஈரத்தின் ஆள். வேர் நுனியிலிருந்து மேலே ஏறும். தண்டின் கழுத்து வெந்த கீரைத்தண்டு போலக் குழைந்துவிடும். வேரை இரு விரலால் மெல்ல இழுத்தால் மேல்தோல் உறை போலக் கழன்று, நடு நரம்பு மட்டும் நூலாகக் கையில் நிற்கும். நீர் தேங்கும் மூலையில் தொடங்கி வட்டமாகப் பரவும். நாம் பூஞ்சாணம் என்று சொன்னாலும் இது உண்மையான பூஞ்சாணம் அல்ல. உறவுமுறையில் பாசிக்குக் கிட்டத்தில் நிற்கும் உயிரி. பூஞ்சாணங்களின் செல் சுவரில் கைட்டின் இருக்கும். இதில் முக்கியமாகச் செல்லுலோஸ். இதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். கார்பன்டசிம் போய்ப் பிடிக்கிற புரதம் இதில் வேறு மாதிரி அமைந்திருப்பதால் அந்த மருந்துக்குப் பிடியே கிடைப்பதில்லை.

ரைசோக்டோனியா அப்படியில்லை. மண் மட்டத்தில், கழுத்தில், செம்பழுப்பாகக் குழிந்த காயம் போடும். அழுகல் கொஞ்சம் வறண்டே இருக்கும். கோஸ், காலிஃபிளவர் நாற்றில் தண்டு கம்பி போல மெலிந்து கறுத்து, விழாமல் பல நாள் நிற்கவும் செய்யும்.

முளைக்கவேயில்லை என்றால் விதை மோசம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மண்ணைக் கிளறி விதையைத் தேடுங்கள். மண்ணுக்குள்ளேயே முளை அழுகிப் போவதும் இதே நோய்தான்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

எந்த உயிரியின் மேல் வேலை செய்கிறது என்பது முதல் அளவுகோல். அடுத்தது நேரம். விதைத்ததிலிருந்து இரண்டு மூன்று உண்மையிலை (விதையிலைக்குப் பின் வரும் இலை) வரும் வரைதான் பெரிய ஆபத்து. அதற்குப் பின் தண்டு முற்றிவிடும். அந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் மருந்து சரியான இடத்தில் இருக்கிறதா? மூன்றாவது, இளநாற்றைச் சுடுமா. நான்காவது, கையாள்கிறவருக்கு என்ன ஆகும். கடைசியில் பில்லில் வராத செலவுகள்: மீந்த பொட்டலம், பழகிப்போகும் நோய்க்கிருமி, கூடவே சாகும் நல்ல நுண்ணுயிர்.

விலையைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. ஒரு தட்டுக்கு ஆகும் மருந்துச் செலவு, அதில் போட்ட கலப்பின விதையின் விலைக்கு முன்னால் மிகச் சிறியது. குடைமிளகாயில் விதை ஒவ்வொன்றுக்கும் சில ரூபாய் போகிறது. 98 குழித் தட்டு ஒன்று போனால் என்ன போகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

## வழி 1: தைரம் அல்லது கேப்டான் விதை நேர்த்தி

ஐந்தில் மிகக் குறைந்த மருந்தில் மிக அதிகப் பலன் தருவது இதுதான். கிலோ விதைக்கு 2 முதல் 3 கிராம். மருந்து விதையைச் சுற்றியே இருப்பதால், முளை வெளியே வரும் முன்பு நடக்கும் அழுகலை நன்றாகத் தடுக்கும். இரண்டும் பல இடத்தில் தாக்கும் தொடு மருந்துகள்; எனவே கிருமி லேசில் பழகிக்கொள்ளாது.

குறை என்ன? மண்ணுக்கு மேலே வந்த தண்டைக் காக்காது. நாற்றுக்குள் ஏறாது. ஏழு, எட்டு நாளில் விழும் நாற்றுக்கு இது பதிலில்லை.

கலப்பின விதை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பொட்டலத்தில் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அநேகமாக ஏற்கெனவே மருந்திட்டது. பொட்டலத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும். அதன் மேல் இன்னொரு முறை போடுவது வீண். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய நாட்டுக் கத்தரி விதை, சொந்தமாக எடுத்த கீரை விதை ஆகியவற்றுக்குத்தான் இந்த வழி. பத்து கிராம் விதைக்கு மருந்தை எடைபோட முடியாது. மூடியுள்ள டப்பாவில் சிட்டிகைக்கும் குறைவாகப் போட்டுக் குலுக்கி, ஒட்டாத தூளைச் சலித்துவிடுங்கள்.

தைரத்தில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையின் மிக நெருங்கிய இரசாயன உறவு அது. தைரத் தூளைச் சுவாசித்த அன்று மாலை மது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரலாம். பண்ணையில் ஆள் வைத்து விதை நேர்த்தி செய்பவர்கள் இதை வாய்விட்டே சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டுப் பயனில்லை.

## வழி 2: காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றுதல்

பிளைட்டாக்ஸ் என்ற பெயரில் எல்லாருக்கும் தெரிந்த பச்சைநீலத் தூள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை லிட்டருக்கு 2.5 கிராம், சதுர மீட்டருக்கு 4 லிட்டர் கரைசல். ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளப் பாத்தி என்றால் 12 லிட்டர் நீர், 30 கிராம் மருந்து. நம்மில் பலர் செய்வது என்ன? இலை மேல் லேசாகத் தெளித்துவிட்டு 'அடிச்சாச்சு' என்கிறோம். நோய் இருப்பது மண்ணில். கரைசல் வேர் வரை இறங்க வேண்டும், பூவாளிதான் சரியான கருவி.

தாமிரம் வித்துகள் முளைப்பதைத் தடுக்கும். ஏற்கெனவே திசுவுக்குள் நுழைந்ததை ஒன்றும் செய்யாது. பித்தியத்தின் மேல் நடுத்தரம், ரைசோக்டோனியா மேல் அதைவிடக் குறைவு. கோஸ், காலிஃபிளவர் இளநாற்றில், குளிர்ந்து மூடிய வானத்தில், இலையோரம் கருகலாம். பெங்களூருவின் ஜூலை, ஆகஸ்டு வானம் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

மறைசெலவு மெதுவாக வரும். தாமிரம் மக்காது. ஒரே பாத்தியில் வருடத்துக்கு நாலு போகம் நாற்று விட்டு ஒவ்வொன்றுக்கும் ஊற்றினால் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். சூடோமோனாஸ் போட்ட இடத்தில் ஊற்றினால் அந்தப் பாக்டீரியாவையும் கொல்லும். இருந்தாலும் மேட்டுப்பாத்தியில் விழத் தொடங்கிய வட்டத்தைச் சுற்றி அணை கட்ட, பக்கத்துக் கடையில் எப்போதும் கிடைக்கிற பொருள் இது. அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

## வழி 3: மெட்டலாக்சிலும் மாங்கோசெப்பும் சேர்ந்த கலவை

பித்தியம் என்று உறுதியானால் இதற்கு ஈடு இந்தப் பட்டியலில் இல்லை. மெட்டலாக்சில் வேர் வழியே உள்ளே ஏறும், பித்தியம், பைட்டோப்தோரா கூட்டத்தின் வளர்ச்சியை உள்ளிருந்தே நிறுத்தும். கடையில் மெட்டலாக்சில் 8 சதவீதம், மாங்கோசெப் 64 சதவீதம் என்று இருக்கும். ரிடோமில் கோல்டில் மெட்டலாக்சில்-எம் 4 சதவீதம். லிட்டருக்கு 2 கிராம் என்பது வழக்கமான ஊற்று அளவு. விழுந்த வட்டத்தின் ஓரத்தில் இன்னும் நிற்கிற, உள்ளே லேசாகத் தொற்று ஏறிய நாற்றையும் சில சமயம் காப்பாற்றும். மற்ற நான்கு வழிகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ரைசோக்டோனியா மேல் மெட்டலாக்சிலுக்கு வேலையே கிடையாது. கலவையில் உள்ள மாங்கோசெப் மட்டும் வெளியே நின்று கொஞ்சம் தடுக்கும்.

இதன் பெரிய மறைசெலவு பழகிப்போதல். மெட்டலாக்சில் 1977-ல் சந்தைக்கு வந்தது. சில வருடங்களுக்குள், 1980-ஐ ஒட்டியே, ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு வயல்களில் பின்கருகல் நோய்க்கிருமி அதற்கு அடங்காமல் போயிற்று. தனி மெட்டலாக்சிலை விட்டு மாங்கோசெப்போடு கலந்து விற்பது அதற்குப் பிறகு வந்த பாடம். நாற்றங்காலில் ஒரு போகத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. வாரம் தவறாமல் ஊற்றுகிற பண்ணைகள், தக்காளி வயலுக்குப் போன பிறகு பின்கருகல் வரும்போது கையில் இருக்கும் ஆயுதத்தை இங்கேயே மழுக்கிக்கொள்கின்றன.

மாடித் தோட்டக்காரருக்கு இன்னொரு செலவு. வாங்குவது 100 கிராம் பொட்டலம், தேவை 4 கிராம். மீதி 96 கிராமைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், இரண்டு அறை வீட்டில், எங்கே வைப்பீர்கள்?

## வழி 4: கார்பன்டசிம், தனியாகவோ மாங்கோசெப்போடோ

கடைக்குப் போய் நாற்று சாய்கிறது என்றால் முதலில் வரும் பதில் "சாஃப் ஹாக்கி". போடுங்கள் என்று அர்த்தம். கார்பன்டசிம் 12, மாங்கோசெப் 63 சதவீதக் கலவை. ரைசோக்டோனியாவுக்கு, ஃபியூசேரியத்துக்கு நல்ல மருந்துதான். பித்தியத்துக்கு இதிலுள்ள கார்பன்டசிம் பாதி வெறும் சுண்ணாம்பு. மாங்கோசெப் பாதிதான் ஏதோ செய்கிறது. தனிக் கார்பன்டசிம் என்றால் அதுவும் இல்லை.

கெடுதல் வேறு பக்கத்திலும் உண்டு. டிரைக்கோடெர்மாவை மிகக் குறைந்த அளவிலேயே கார்பன்டசிம் கொன்றுவிடும். போன வாரம் டிரைக்கோடெர்மா கலந்த கோகோபீட்டில் (தென்னை நார்த்தூள்) இந்த வாரம் கார்பன்டசிம் ஊற்றினால் இரண்டு காசும் வீண். பித்தியத்தோடு போட்டி போட்டுக்கொண்டிருந்த மண் பூஞ்சாணங்களும் செத்து, பித்தியத்துக்குத் திண்ணை காலியாகிவிடும். சித்தப்பா பாத்தியில் அன்று மூன்றே நாளில் எல்லாம் முடிந்ததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

கழுத்தில் வறண்ட செம்பழுப்புக் காயம், கோஸ் நாற்றில் கம்பித் தண்டு: இந்த இரண்டைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மட்டும் இந்த வழி.

## வழி 5: டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ்

விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி கிலோவுக்கு 4 கிராம், அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். பாத்திக்கு என்றால் ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 100 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில், ஈரச் சாக்கு மூடி, பத்துப் பதினைந்து நாள் பெருக்கிவிட்டுப் பரப்புவது. டிரைக்கோடெர்மா மற்றப் பூஞ்சாணத்தின் மேல் சுற்றிப் படர்ந்து தின்னும், இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்ளும். பித்தியம், ரைசோக்டோனியா இரண்டின் மேலும் வேலை செய்கிறது. இந்த ஒரு விஷயத்தில் வழி 3, வழி 4 இரண்டையும் விட இது அகலமானது.

ஆனால் இது காவல்காரன், தீயணைப்பு வண்டி அல்ல. நாற்று விழுந்த பிறகு டிரைக்கோடெர்மா கரைத்து ஊற்றி 'இயற்கை மருந்து வேலை செய்யலை' என்பவர்களோடு எனக்கு வருத்தம் உண்டு. விதைக்கும் முன்னே அது மண்ணில் குடியேறியிருக்க வேண்டும்.

மறைசெலவு பொட்டலத்தின் தேதியில் இருக்கிறது. இது உயிருள்ள சரக்கு. டால்க் தூளில் கலந்தது சில மாதங்களில் வீரியம் இழக்கும். கிராமுக்கு 20 லட்சம் உயிர் வித்துகள் என்று உறையில் அச்சிட்டிருப்பது தயாரித்த அன்றைய கணக்கு. தகரக் கூரைக் கடையில் ஏப்ரல், மே முழுக்க வெந்த பொட்டலத்தில் எவ்வளவு மிஞ்சும்? தயாரிப்புத் தேதி பார்த்து, நிழலில் வைத்திருக்கும் இடத்தில் வாங்குங்கள். இன்னொன்று: ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா நுண்ணுயிர்க் கூட்டு நாற்று வளர்ச்சிக்கு நல்லது. அதைப் பூஞ்சாணக்கொல்லிக்கு மாற்றாக நினைத்து வாங்கி வராதீர்கள். அதன் வேலை சத்தைக் கரைத்துக் கொடுப்பது.

## ஒரே பார்வையில்

| வழி | பித்தியம் | ரைசோக்டோனியா | எப்போது | பில்லில் வராத செலவு |
|---|---|---|---|---|
| தைரம், கேப்டான் விதை நேர்த்தி | முளைக்கும் வரை நன்று | முளைக்கும் வரை நன்று | விதைக்கும் முன் | தூள் மூச்சில் போகும். தைரத்தோடு மது ஆகாது |
| காப்பர் ஆக்சிகுளோரைடு | நடுத்தரம் | குறைவு | முதல் வட்டம் கண்டவுடன் | மண்ணில் தாமிரம்; கோஸ் நாற்றில் கருகல் |
| மெட்டலாக்சில் + மாங்கோசெப் | மிக நன்று | குறைவு | பித்தியம் உறுதியானதும், ஒரு முறை | கிருமி பழகிப்போகும். மீந்த பொட்டலம் |
| கார்பன்டசிம் | இல்லை | நன்று | காயத்தைக் கண்ணால் பார்த்த பின் | டிரைக்கோடெர்மா சாகும் |
| டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் | முன்பே போட்டால் நன்று | முன்பே போட்டால் நன்று | விதைப்புக்கு இரண்டு வாரம் முன் | பழைய சரக்கு, பொறுமை |

கேப்டானை நாற்றில் ஊற்றுபவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. காரநீரில் கேப்டான் சிதைந்துவிடும், பி.எச். 8-ஐத் தாண்டிய நீரில் நிமிடக் கணக்கில் வீரியம் போகும். நம் பக்கத்து போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, காரமானது. காலையில் கலக்கி வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து ஊற்றினால் ஊற்றுவது வெறும் தண்ணீர். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதில் கலக்குங்கள்.

சட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்யலாம் என்று வரைவு வெளியிட்ட 27 மருந்துகளில் கேப்டான், தைரம், கார்பன்டசிம், மாங்கோசெப் நான்கும் இருந்தன. 2023-ல் வந்த இறுதி ஆணையில் முழுத் தடை டைகோஃபால், டைனோகேப், மெத்தோமைல் மூன்றுக்குத்தான். வேறு சிலவற்றுக்குச் சில பயிர்களில் மட்டும் அனுமதி நீங்கியது. ஆகவே டப்பாவின் லேபிளில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தே வாங்குங்கள். லேபிள் சொல்லும் அளவு நான் சொன்னதிலிருந்து மாறினால் லேபிள்தான் சரி.

## கேட்ட மூவருக்கும்

ராமமூர்த்தி நகர்க்காரருக்கு: இரசாயனம் எதுவும் வாங்க வேண்டாம். பழைய கோகோபீட்டைத் திரும்பப் பயன்படுத்தியதுதான் உங்கள் நோய் என்று நினைக்கிறேன். அதைச் செடி பெரிதான தொட்டிகளுக்குக் கொடுத்துவிட்டு, புதிதில் டிரைக்கோடெர்மா கலந்து, மாலையில் ஊற்றும் தண்ணீரைக் காலைக்கு மாற்றுங்கள். நாற்பது நாற்றில் பத்து போனால் மறுபடி விதையுங்கள். தக்காளி விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 300 இருக்கும்.

ஆனேக்கல்காரருக்கு: மேட்டுப்பாத்தியை 15 செ.மீ. உயர்த்துங்கள், நெருக்கி விதைக்காதீர்கள். அடுத்த வருடம் மார்ச் கடைசியில் பாத்தியை நனைத்து, மெல்லிய, கண்ணாடி போன்ற பாலிதீன் தாள் விரித்து, ஓரத்தை மண் போட்டு மூடி ஐந்தாறு வாரம் விடுங்கள். தாள் கறுப்பாக இருக்கக் கூடாது. இஸ்ரேலில் கட்டான் என்ற ஆய்வாளர் 1976-ல் எழுதிய வெயில் வைத்தியம் இது. ஒரு எச்சரிக்கை: 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் நமக்குத் தர்மபுரி வெயில் கிடைக்காது. மேல்மண் சுடும், ஆழத்தில் முழுதாகச் சாகாது. அதனால் தாளை எடுத்தவுடன் டிரைக்கோடெர்மா பெருக்கிய தொழு உரத்தைப் பரப்புங்கள், காலி இடத்தை அது பிடிக்கட்டும். காப்பர் ஆக்சிகுளோரைடு அரைக் கிலோ கையிருப்பில் இருந்தால் போதும்.

மாலூர்க்காரருக்கு: குடைமிளகாய் விதை விலைக்கு நீங்கள் மெட்டலாக்சில் கலவையை ஒரு முறை ஊற்றுவதில் தப்பில்லை. பித்தியம்தான் என்று வேர்த்தோலை உரித்துப் பார்த்த பிறகு ஊற்றுங்கள். டிசம்பர், ஜனவரியில் இரவு 15 டிகிரிக்கு இறங்கும்போது மிளகாய் இனம் முளைக்க அதிக நாள் எடுக்கும். அத்தனை நாளும் கிருமிக்கு விருந்து. விதைத்த தட்டுகளை அடுக்கி, பாலிதீன் போர்த்தி, உள்ளறையில் கதகதப்பாக வைத்து, முளை எட்டிப் பார்த்த அன்றே வெளியே எடுத்துப் பரப்புவது எந்த மருந்துக்கும் மேல். பழைய தட்டுகளை மண் போகக் கழுவி, பிளீச்சிங் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துக் காயவிடுங்கள். திறந்த குட்டையிலிருந்து நேராகத் தண்ணீர் இறைக்கிறீர்கள் என்றால் அந்தக் குட்டையிலேயே பித்தியம் இருக்கலாம். பக்கத்தில் போர்வெல் இருந்தால் நாற்றுக்கு மட்டும் அதைத் திருப்புங்கள்.

மூவரும் மூன்றாவது உண்மையிலை வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிடலாம். அதற்குப் பின்னும் காலையில் நாற்று படுத்திருந்தால் கழுத்தைப் பாருங்கள். அழுகல் இல்லாமல் கத்தரிக்கோலால் நறுக்கினது போல இருந்தால் அது வெட்டுப்புழு. பகலில், விழுந்த நாற்றின் அடியில் விரல் ஆழத்துக்கு மண்ணைக் கிளறினால் சுருண்டு கிடக்கும்.